மீன் தொட்டிக் குழாய் சத்தம் போடுகிறதா? வாயை அடைக்காதீர்கள்!

எண்ணெய்க் கடைக்காரர் 15 கிலோ டின்னைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் எண்ணெய் ஊற்ற ஓட்டை போட்டதும், எதிர் மூலையில் சின்னதாக இன்னொரு ஓட்டை போடுவார். அந்த இரண்டாவது ஓட்டை இல்லாவிட்டால் எண்ணெய் ‘குபுக் குபுக்’ என்று விட்டுவிட்டு விழும், மேலெல்லாம் தெறிக்கும். காற்று உள்ளே போக வழி கிடைத்ததும் சத்தமில்லாமல் ஒரே சீராக இறங்கும். உங்கள் வண்ண மீன் தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப் இரவெல்லாம் ‘களக் களக்’ என்று கத்துகிறதென்றால், அங்கேயும் நடப்பது இதுதான்.

கொளத்தூர் வண்ண மீன் தொழிலின் தாக்கம் செங்குன்றம், பொன்னேரி என்று திருவள்ளூர் மாவட்டத்திலும் தெரிகிறது. கொல்லையில் நாலு சிமென்ட் தொட்டி, தாழ்வாரத்தில் ஐந்தாறு கண்ணாடித் தொட்டி என்று உபதொழிலாகச் செய்ய நினைப்பவர்களும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்குத் தொட்டிச் சத்தம் பெரிய தொல்லை. அதைவிட முக்கியம், அந்தச் சத்தம் ஓர் எச்சரிக்கையும்கூட.

நீர் மறுசுழற்சித் தொட்டியில் மேல்தொட்டி நிறைந்து வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டிக்கு வருகிறது. பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. சத்தம் தாங்காமல் பலர் செய்யும் முதல் வேலை, இறங்கு குழாயில் ஒரு வால்வு போட்டுப் பாதி மூடிவிடுவது. உடனே சத்தம் நின்றுவிடும். நடுராத்திரியில் ஒரு துண்டு வேலம்பாசியோ, செத்த நத்தையோ அந்தக் குறுகிய வாயில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பம்ப் நிற்காது. மேல்தொட்டி விளிம்பைத் தாண்டி வழியும், மீன்களும் கூடவே வரும். கீழ்த்தொட்டி வறண்டு பம்ப்பும் கெடும். ஒரே ஒரு இறங்கு குழாய் உள்ள தொட்டியில் வால்வு போடவே கூடாது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? தொட்டி அருகில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். தொடர்ந்து ‘களக் களக்’ என்றால், திறந்த குழாய் வாயில் தண்ணீர் சுழன்று காற்றை விழுங்குகிறது. ‘சளசள’ என்றால், தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. சில நிமிடம் அமைதியாக இருந்து, திடீரென்று ‘உர்ர்’ என்று மொத்தமாக உறிஞ்சி, மறுபடி அமைதியானால் அதுதான் மோசமான வகை. குழாய் முழுக்க நீர் நிரம்பி சைஃபன் ஆகிறது, நீர்மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து அறுந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் கீழ்த்தொட்டியின் மட்டமும் ஏறி இறங்கும். பம்ப் காற்றை இழுத்து, மேல்தொட்டி முழுக்க நுண்குமிழிகளைத் துப்பும்.

பைப்பில் கை வைக்கும் முன் ஓட்டத்தை அளந்துவிடுங்கள். 20 லிட்டர் பக்கெட்டை இறங்கு குழாயின் கீழ் வையுங்கள். 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 2,400 லிட்டர். ஒரு அங்குலக் குழாயில் காற்றும் நீரும் சேர்ந்து இறங்கும்போது, மணிக்குச் சுமார் 1,000 லிட்டருக்கு மேல் போனால் சத்தம் வரத்தான் செய்யும். ‘பெரிய பம்ப் போட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும்’ என்று நினைத்து வாங்கிவிட்டு, குழாயை மட்டும் பழைய அளவில் விட்டிருப்பவர்களே அதிகம். அவர்களுக்கு என் யோசனை, முதலில் பம்ப்பைக் குறைத்துப் பாருங்கள். கடையில் ஒரு ரூபாய் செலவில்லை.

அதற்கும் அடங்காவிட்டால், எண்ணெய் டின் வைத்தியம். அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்சோ என்ற மீன் வளர்ப்பாளர் பிரபலமாக்கிய முறை இது. அவர் பெயராலேயே ‘டர்சோ பைப்’ என்கிறார்கள். செங்குத்துக் குழாயின் தலையில் ஒரு டீ பொருத்துங்கள். டீயின் பக்கவாட்டு வாயில் ஒரு எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டுங்கள். டீயின் மேல் வாயை எண்ட் கேப்பால் மூடி, அந்த மூடியில் சின்ன ஓட்டை போடுங்கள். இனி தண்ணீர் மேற்பரப்புக்குக் கீழிருந்து அமைதியாக உள்ளே வரும், காற்று ஓட்டை வழியாகத் தனியே வரும். இரண்டும் ஒரே வாயில் முட்டிக்கொள்ளாது. சுவரில் துளையிட்டுக் குழாய் எடுத்த சிமென்ட் தொட்டியானால் எல்போ உள்பக்கம், டீ வெளிப்பக்கம். வேலை ஒன்றுதான்.

ஓட்டையின் அளவில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. சிறிதாக இருந்தால் சைஃபன் பிடித்து ‘உர்ர்’ சத்தம் வரும், பெரிதாக இருந்தால் ‘களக் களக்’ திரும்பிவிடும். 3 மில்லிமீட்டரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். இன்னும் எளிய வழி, மூடியில் ஏர் பம்ப் டியூப் ஒன்றைச் செருகி, மறுமுனையில் அதே டியூபுக்கு விற்கும் சின்ன பிளாஸ்டிக் வால்வை மாட்டுவது. திருகித் திருகிச் சத்தம் அடங்கும் இடத்தைப் பிடித்துவிடலாம். இந்த இணைப்புகளுக்குச் சால்வென்ட் போட்டு ஒட்டாதீர்கள், அழுத்திச் செருகினாலே போதும். நாளைக்குக் கழற்றிக் கழுவ வேண்டாமா?

இதில் ஒரு குறையும் இருக்கிறது. நீர் கீழிருந்து எடுக்கப்படுவதால், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் தொட்டியிலேயே தங்கும். பல்வெட்டுத் தடுப்பு வைத்த ஓவர்ஃப்ளோ அறை இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அந்த அறையில் நீர்மட்டம் தடுப்பின் விளிம்புக்கு ஓரிரு அங்குலம் கீழே நிற்கும்படி டீயின் உயரத்தை வைத்தால் ‘சளசள’ சத்தமும் சேர்ந்தே போய்விடும்.

கீழ்முனையையும் பாருங்கள். குழாயின் நுனி கீழ்த்தொட்டி நீரில் ஒரு அங்குலம் மட்டும் மூழ்கினால் போதும். அரை அடி உள்ளே விட்டால், கீழே வந்த காற்று வெளியேற முடியாமல் முட்டி, விட்டுவிட்டு வெடிப்பதுபோலக் கொப்பளிக்கும்.

சத்தமே கூடாது என்பவர்களுக்கு இரண்டு குழாய் முறை இருக்கிறது. வால்வுக்கு இடம் இங்கேதான். முதல் குழாயின் வாய் நீருக்குள் நாலைந்து அங்குலம் ஆழத்தில். இரண்டாவதன் வாய் அதைவிட உயரத்தில், ஆனால் தொட்டி விளிம்புக்குக் கீழே. முதல் குழாயில் கேட் வால்வு போட்டு மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். காற்று முழுக்க வெளியேறி, குழாய் நிறைய நீர் மட்டும் போகும்போது சத்தம் அடியோடு நிற்கும். ஒவ்வொரு திருகலுக்கும் பத்து நிமிடம் பொறுங்கள், மட்டம் நிலைக்க நேரம் எடுக்கும். பால் வால்வு வேண்டாம், கால் சுற்றிலேயே திறந்து மூடுவதால் நுணுக்கமாக வைக்க முடியாது. இரண்டாவது குழாயில் நூல்போல நீர் வழியலாம். அதில் வால்வோ, நெருக்கமான வலையோ கூடாது, அதுதான் உங்கள் காவல்காரன். மூன்று குழாய் வைப்பவர்களும் உண்டு. வீட்டளவுத் தொட்டிகளுக்கு அது அதிகம் என்பேன்.

கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன் வளர்ப்பவர்கள், குட்டிகளைக் குழாய் இழுத்துவிடும் என்று வாயில் கொசுவலை கட்டுகிறார்கள். அது ஒரே நாளில் பாசியால் அடைபடலாம். ஓட்டைகள் நிறையப் போட்ட பெரிய பைப் துண்டைக் குழாயைச் சுற்றி உறைபோல நிறுத்தி, அதன்மேல் வலை சுற்றுங்கள். பரப்பு பெரிதாக இருப்பதால் அடைபட நாளாகும், இழுக்கும் வேகமும் குறையும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல ஆண்டுகளாக ஆய்வுகளில் பதிவான விஷயம். உப்பும் கடினத்தன்மையும் உள்ள நீர் தெறித்துக் காயும் இடமெல்லாம் வெள்ளையாகப் படியும். மூடியில் உள்ள காற்று ஓட்டை அப்படியே சுருங்கிவிடும். ஆறு மாதம் அமைதியாக இருந்த தொட்டி திடீரென்று மறுபடி கத்தினால் முதலில் அந்த ஓட்டையைக் குச்சியால் குத்திப் பாருங்கள். மூடியைக் கழற்றிக் காடியில் ஊறப்போட்டுக் கழுவினால் படிவு கரையும்.

புதிதாகத் தொட்டி கட்டுகிறவர்கள், குழாய் அளவை முடிவு செய்யும் முன் பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுவிடலாம். கட்டிய சுவரில் பிறகு துளை போடுவது கஷ்டம்.

எந்த முறையைச் செய்தாலும் இரண்டு சோதனைகளை விடாதீர்கள். ஒன்று, பம்ப் ஓடும்போது முதல் குழாயின் வாயைக் கையால் முழுக்க அடையுங்கள். இரண்டாவது குழாய் மொத்த நீரையும் ஏற்று, தொட்டி வழியாமல் நிற்க வேண்டும். மற்றொன்று, மின்சாரத்தை நிறுத்துங்கள். மேலிருந்து இறங்கும் நீர் முழுவதையும் கீழ்த்தொட்டி தாங்க வேண்டும். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஒரு அங்குல நீர் என்பது 14 லிட்டர். பத்துக்கு ஐந்து அடி சிமென்ட் தொட்டியில் அதே ஒரு அங்குலம் 118 லிட்டர். பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் முனை ஆழத்தில் இருந்தால், கரன்ட் போனதும் அது தலைகீழாக நீரை இழுக்கும், அந்த முனையை நீர்மட்டத்துக்கு அருகிலேயே வையுங்கள். இரண்டு சோதனையையும் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.