சித்தப்பா ஏன் ஓடி வந்தார்?

பெப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹேர்னிங்கில் சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. என் ஆறு வயது மகள் பருப்புக்கறியைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் மூத்தவள், எங்களுக்கெல்லாம் ‘தங்கச்சி’, போனைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்கு ஃபோர்ஸ்வாரெட்ஸ் டேக்கு கடிதம் வந்திட்டுது.”

டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். மற்ற நாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே டேனிஷ் குடியுரிமை உள்ள ஆண்பிள்ளைகளை 18 வயதானதும் ஒரு நாள் கூப்பிடுவார்கள். உடம்பைச் சோதிப்பார்கள், தகுதியானவர்கள் சீட்டு இழுக்க வேண்டும். சிறிய இலக்கம் வந்தால் இராணுவ சேவைக்குக் கூப்பிடலாம். பெரிய இலக்கம் வந்தால் வீட்டுக்குப் போகலாம். அண்மைக் காலத்தில் விரும்பி வருபவர்களாலேயே இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடுவதால், எங்களில் பலர் இதை ஒரு நாள் சுற்றுலா போலத்தான் நினைத்தோம். நான் போனபோதும் அப்படித்தான். பெண்பிள்ளைகளுக்கு அழைப்பு மட்டும் வரும், விரும்பினால் போகலாம்.

உக்ரைன் யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகும் பெண்பிள்ளைகளுக்கும் இப்போது அதே சட்டம்தான். 4 மாதமாக இருந்த சேவையும் 11 மாதமாகிறது. தங்கச்சிக்குப் போன ஒக்டோபரில் 18.

“பதினொரு மாசம், சம்பளமும் தருவினம். இலக்கம் எப்பிடி வந்தாலும் போய்ப் பாக்கலாமோ எண்டு யோசிக்கிறன்,” என்றாள்.

சித்தப்பா கை கழுவப் போனவர் திரும்பி வந்து நின்றார். “என்ர பிள்ளை துவக்குத் தூக்கிறதுக்கோ நான் இங்க வந்தனான்?”

“அப்பா, ஒருத்தரும் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. என்ர வகுப்பில நாலு பேர் போகினம்.”

“ஒருத்தரும் போகத் தேவையில்லை.”

“நீங்கள் ஓடி வந்தனீங்கள். எனக்கு ஓடத் தேவையில்லை.”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். டேனிஷில் யோசித்துத் தமிழில் சொன்னால் சில வசனங்கள் அப்படித்தான் வந்து விழும். ஆனால் சித்தப்பா ஒன்றும் பேசாமல் கராஜுக்குள் போனார். சித்தி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனா. என் மகள் மட்டும் பருப்பைச் சாப்பிட்டு முடித்தாள்.

இந்த வீட்டில் முப்பது வருடமாக நான் கேட்காத ஒரு கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சித்தப்பா ஏன் ஓடி வந்தார்? ‘பிரச்சினையால’ என்பார்கள். எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். ஆமி, ஷெல், 83 எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதற்குள் வேறு என்ன அடங்கியிருக்கிறது என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பாவை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கொம்பெடால் காட்டுக்கு. ஹேர்னிங்கிலிருந்து சில்கெபோர்க் பக்கம், அரை மணித்தியாலக் கார் ஓட்டம். அந்த இடத்தை நான் வேண்டுமென்றேதான் தெரிந்தெடுத்தேன்.

காரணம் இதுதான். டென்மார்க்கின் அரசியலமைப்புச் சட்டம், ஆயுதம் தூக்கக்கூடிய ஒவ்வொரு ஆணும் நாட்டைக் காக்க வேண்டும் என்கிறது. அதே நாடு 1917 டிசம்பரில், முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, இராணுவ சேவை மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்கள் அதற்குப் பதிலாகப் பொதுவேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. உலகிலேயே மிக முந்திய இப்படியான சட்டங்களில் அதுவும் ஒன்று. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த பீட்டர் முங்க், இராணுவச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். ‘மாட்டேன்’ என்று சொன்ன பெடியன்களைக் காடுகளுக்கு அனுப்பினார்கள். சேலன் தீவில் கிரிப்ஸ்கோவ், ஜூட்லாந்தில் இந்தக் கொம்பெடால். இங்கே முகாம் போட்டு இருந்து மரவேலை செய்தார்கள். டேனிஷில் அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: மிலிதேர்நெக்டர், இராணுவத்தை மறுத்தவர். அது ஒரு வசைச்சொல்லாகவும் இருந்திருக்கும்தான், எந்த ஊரில் இல்லை? ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு இடம் இருந்தது. பின்னாளில் அந்த மறுத்தவர்கள் நூலகத்திலும் நூதனசாலையிலும் சிறுவர் நிலையத்திலும்கூடத் தங்கள் காலத்தைக் கழித்தார்கள். இப்போதும் அந்த வழி இருக்கிறது. தங்கச்சிக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். சித்தப்பா ஊசியிலை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: “மாட்டன் எண்டு சொன்னவனைக் கூட்டிக்கொண்டு வந்து மரம் நட விட்டவையோ?”

“ஓம் சித்தப்பா.”

கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார். பிறகுதான் சொல்லத் தொடங்கினார்.

1989. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலம். சித்தப்பாவுக்குப் பதினேழு வயது, ஏ.எல். கணிதப் பிரிவு. அந்த வருடம் பெடியன்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், டியூசன் கொட்டிலுக்கு வெளியே நின்று பிடித்தார்கள். ஊர்ச்சனம் அதற்கு ‘பிள்ளைபிடி’ என்றே பெயர் வைத்திருந்தது. பிடித்தது எந்த இயக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும். கீழே ஒரு சண்டைதான் மிஞ்சும்.

சித்தப்பாவும் அவருடைய சிநேகிதனும் ஒரு தோட்டத்துப் புகையிலைக் கொட்டிலுக்குள் ஒளித்திருந்தார்கள். இருபத்து மூன்று நாள். இரவில் அப்பம்மா சோற்றுப் பார்சல் கொண்டுவருவா. சிநேகிதனின் தாய்க்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, “பாத்திட்டு விடிய முதல் வந்திடுவன்” என்று அவன் போனான். வரவில்லை.

இரண்டு கிழமை கழித்துச் சித்தப்பாவைக் கொழும்புக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்கள். சந்தியில் ஒரு காவலரண். அங்கே தலைமயிர் ஒட்ட வெட்டி, தன்னைவிடப் பெரிய துவக்கோடு நின்றவன் அந்தச் சிநேகிதன்.

“அவன் என்னைப் பாத்தவன், தம்பி. நானும் பாத்தனான். ‘ஆர் தெரியாது, போகட்டும்’ எண்டு மற்றவங்களுக்குச் சொன்னவன். அவ்வளவுதான்.”

அந்த வருடக் கடைசியில், இந்தியப் படை போகத் தொடங்கியபோது, அப்படிப் பிடிக்கப்பட்ட பெடியன்களில் எத்தனையோ பேருக்கு என்ன நடந்தது என்று ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். சிநேகிதனின் தாய் பிறகு அப்பம்மாவைக் கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவாவாம்.

சித்தப்பா 1990 கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். முதல் படுக்கை சாண்ட்ஹோல்ம் அகதி முகாமில். அது முன்பு டேனிஷ் இராணுவத்தின் முகாம். “ஆமிக் காம்புக்குப் போகமாட்டன் எண்டு இவ்வளவு தூரம் ஓடிவந்து, ஆமிக் காம்பிலதான் முதல் நித்திரை,” என்று சிரித்தார். இந்த ஒரு பகிடியைத்தான் அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். அதன் முதல் பாதி எனக்கு விளங்காமலே நானும் சிரித்திருக்கிறேன்.

அகதி விசாரணையில் ஆமியைப் பற்றிச் சொன்னார், செக்கிங்கைப் பற்றிச் சொன்னார். கொட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வந்தவரும் எங்கட ஆள்தானே, அவர் எந்தப் பக்கமோ என்ற பயம். பிறகு சொல்லாமல் விட்டது பழகிவிட்டது. நவம்பர் 27இல் மாவீரர் நாளுக்கு ஒவ்வொரு வருடமும் போவார், மண்டபத்தில் கடைசி வரிசையில் நிற்பார். அன்று கேட்டேன், ஏன் என்று. “அவனுக்கும் ஒரு விளக்குத்தானே. அவன்ர படம் அங்க வராது. அவன் அந்தப் பக்கம் இல்லையே. அதுக்கு நான் என்ன செய்ய?”

இதில் சித்தப்பா தனி ஆள் இல்லை. பின்னாளில் வன்னியில், 2006க்குப் பிறகு, விடுதலைப் புலிகள் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று கேட்ட காலத்தில், பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்ததும், அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்ததும் பதிவாகியிருக்கிறது. விரும்பிப் போன பிள்ளைகளின் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களின் பெருமையையும் துயரத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போனவனின் வீடு, பிடிக்கப்பட்டவனின் வீடு, ஒளித்தவனின் வீடு மூன்றும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளைகளை இறக்கிவிடுகின்றன. முதலாவது வீட்டின் கதையை மட்டும்தான் பிள்ளைகள் மேடையில் கேட்கிறார்கள்.

அன்றிரவு மகள் படுத்த பிறகு, விடுதலைக்காக நடந்த வேறு யுத்தங்களில் ‘மாட்டேன்’ என்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் குவேக்கர், மெனோனைட் போன்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஊர்ப்படையில் சேர மறுத்தார்கள். கொலை பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1775 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், மதக் கொள்கையால் ஆயுதம் தூக்க முடியாதவர்களின் மனச்சாட்சியைப் பலாத்காரம் பண்ணமாட்டோம், வேறு வழியில் உதவுங்கள் என்று தீர்மானம் போட்டது. தாளில் நல்லாகத்தான் இருக்கிறது. பிறகு சேராதவர்களுக்கு அபராதம் வந்தது. கட்ட மறுத்தால் வீட்டுச் சாமான், மாடு எல்லாம் போகும். 1777இல் பிலடெல்பியாவில் குவேக்கர் பிரமுகர்கள் உட்பட ஏறத்தாழ இருபது பேரைப் பிடித்து, வழக்கு விசாரணை இல்லாமலே வேர்ஜினியாவின் வின்செஸ்டருக்கு நாடுகடத்தினார்கள். இரண்டு பேர் அங்கேயே செத்துப்போனார்கள். மற்றப் பக்கமும் இருக்கிறது: போருக்குப் போன தங்கள் பெடியன்களைக் குவேக்கர்கள் சபையிலிருந்து விலக்கினார்கள். மறுத்தவர்களுக்கும் மற்றவனின் முடிவைப் பொறுக்க முடியவில்லை.

அதை வாசித்தபோது சித்தப்பாதான் நினைவுக்கு வந்தார். நாடு இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்று சண்டை பிடிக்கும்போது, ‘மாட்டேன்’ என்பவனுக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கும்? டென்மார்க்கால் 1917இல் அந்த இடத்தைக் கொடுக்க முடிந்தது, அது அந்த யுத்தத்தில் சேராமல் நின்ற, ஏற்கெனவே இருந்த ஒரு நாடு என்பதால்தான். எங்கட ஊரில் கேட்கும் உரிமையே ஒருவருக்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம, எல்லாத் துவக்குகளையும் பற்றி எழுதியவர், சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே 1989இல்தான், செப்டெம்பர் 21.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேனிஷ் சட்டத்தின்படி மறுப்பவர் ‘எந்த வகையான’ இராணுவ சேவையும் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று சொல்ல வேண்டும். இந்த யுத்தம் வேண்டாம், அந்த யுத்தம் சரி என்று தெரிவு செய்ய முடியாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது உடனே சொன்னார்: “அப்ப நான் தேறமாட்டன். நான் காந்தி இல்லை, தம்பி. எனக்குப் பயம். பதினேழு வயசு. கணக்குப் படிக்க விருப்பம். அவ்வளவுதான்.” இவ்வளவு நேர்மையாக ஒரு விண்ணப்பத்தில் எழுதினால் எந்த நாட்டிலும் தள்ளுபடிதான்.

தங்கச்சியிடம் நீங்களே சொல்லுங்கோ என்றேன். மூன்று கிழமை எடுத்தார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை இரவு அவளிடமிருந்து டேனிஷில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: “அண்ணா, அந்தச் சிநேகிதனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அப்பா சொல்ல மாட்டேன் என்கிறார்.”

எனக்கும் தெரியாது.

அவளுடைய முடிவில் சித்தப்பா தலையிடக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருக்குக் கிடைக்காதது அந்தத் தெரிவுதானே. இதைச் சொன்னால் என் மனைவி, “உன்ர மகளுக்கு 2037இல கடிதம் வரேக்க பாப்பம்” என்கிறாள். நியாயம்தான். நான் ஒரு மென்பொருள் எஞ்சினியர், பதினொரு வருடத்துக்குப் பிந்திய பிழையை இன்றைக்கே கவலைப்படுவதில்லை என்று சமாளித்தேன்.

ஏப்ரலில் அந்த நாள் வந்தது. சோதனை நிலையத்துக்கு அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனது சித்தப்பாதான். வாசலில் சீருடையோடு நின்ற ஒரு பெண் “குட் மோர்ன்” என்றாளாம், இவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டு வந்து காருக்குள் இருந்திருக்கிறார். பிளாஸ்கில் தேத்தண்ணி, பழைய தமிழ்ப் பேப்பர் ஒன்று. மத்தியானம் தாண்டித்தான் அவள் வெளியே வந்தாள், கையில் இலக்கத்தோடு. பெரிய இலக்கம்.

சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இது நல்ல நம்பரோ, கூடாத நம்பரோ?”

“அது ஆருக்கெண்டதைப் பொறுத்ததப்பா,” என்றிருக்கிறாள். “விருப்பமெண்டால் இப்பவும் போகலாம். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லிட்டு வந்தனான்.”

“அப்பிடிச் சொன்னதுக்கு அவை என்ன சொன்னவை?”

“சரி எண்டவை.”

சித்தப்பா கொஞ்ச நேரம் காரை எடுக்கவில்லையாம்.