எல்லாத்துக்கும் நாலு

1999-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போவதென்றால் ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவது. மேம்பாலம் 2010-இல்தான் வந்தது. மெட்ரோ வர 2025 ஆகஸ்ட் ஆயிற்று. கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து போய் இறங்கிய ஒரு நாள் எங்கள் டீமை மீட்டிங் ரூமுக்கு வரச் சொன்னார்கள். எச்.ஆரிலிருந்து வந்தவர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டங்கள். "பேர் எழுத வேண்டாம், யார் எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

பேர் கேட்கவில்லைதான். ஆனால் முதல் பக்கத்தில் டீம், அனுபவம் எத்தனை வருடம், ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தது. எங்கள் டீமில் ஒன்பது பேர், அதில் பெண் ஒருத்திதான், நெய்வேலிக்காரி. படிவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதுக்குப் பேசாம கையெழுத்தே போட்டுக் கொடுத்துடலாம்" என்றாள். எல்லாவற்றுக்கும் நாலு போட்டாள். நானும் நாலுதான். ஐந்து போட்டால் ஜால்ரா, மூன்று போட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற ஆள். நாலில் வம்பில்லை.

இந்த மாதிரிப் படிவங்களின் பழைய கதை ஒன்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஐ.பி.எம். கம்பெனி 1967 முதல் 1973 வரை உலகெங்கும் இருந்த தன் ஊழியர்களிடம் இப்படிக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கியது. சேர்ந்தவை சுமார் 1,16,000. அதை வைத்து கீர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சுக்காரர் 1980-இல் ஒரு புத்தகம் எழுதி, 40 நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலதிகாரியோடு ஒத்துப்போகாவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்ல ஊழியர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கேள்விகளில் ஒன்று. இதிலிருந்து வந்த 'அதிகார இடைவெளி' கணக்கில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, டென்மார்க்குக்கு 18. ஆன்சைட் போகுமுன் எங்களுக்கு நடந்த ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் இந்த 77 திரையில் வரும். ஏதோ ரத்தப் பரிசோதனை ரிசல்ட் மாதிரி நாங்களும் குறித்துக்கொள்வோம்.

ஐ.பி.எம். இந்தியாவை விட்டுக் கிளம்பியது 1978-இல். கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கர் வளைத்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் மனை போட்டதும் அதே வருடம். ஆக, என் டீமுக்கு மாட்டப்பட்ட அந்த எண், நாங்கள் வேலை பார்த்த கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே எடுத்த கணக்கு. பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-இல் இதையெல்லாம் கிளறிப் பார்த்தார். அந்த ஐ.பி.எம். கணக்கில், பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் சொன்னவர்கள் 37 பேர். ஒரு கம்பெனியில் 37 பேரைக் கேட்டு ஒரு நாட்டின் குணத்தைச் சொல்வதை எங்கள் ஊரில் கிளி ஜோசியம் என்போம்.

எண் முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. பயம் இருந்தது. ஆனால் ஒன்று முதல் ஐந்துக்குள் அடங்காத விஷயங்கள் எங்களிடம் இருந்தன. அமெரிக்க கிளையண்ட் தேதி கேட்டால் எங்கள் லீட், "பார்க்கலாம்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வார். அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு அழைக்கும்போது ஒருவர் "பார்க்கலாங்க" என்றால் அவர் வரமாட்டார் என்பது சேலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதேபோல, எல்லாரும் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு விதி. கான்ஃபரன்ஸ் காலில் லீடைப் பேரிட்டு அழைத்தவர்கள், காபி மெஷின் பக்கம் தமிழுக்கு மாறியதும் பேரையும் விட்டு, சாரையும் விட்டு, வெறும் "நீங்க" என்று சமாளிப்பார்கள். இதற்கு எந்த வட்டத்தை நிரப்புவது?

ஹாஃப்ஸ்டீட் புத்தகம் வந்த அதே 1980-இல் பாட்னாவிலிருந்து ஜே.பி.பி. சின்ஹா வேறொன்று சொன்னார். நம்மவர்களிடம் நன்றாக வேலை வாங்குகிறவர், அக்கறையும் காட்டி வேலையிலும் கறாராக இருக்கும் மேலாளர் என்பது அவர் முடிவு. எங்கள் லீட் அப்படித்தான். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலில் பணம் அனுப்பினார், மறுநாள் போன் போட்டு டெலிவரபிள் எங்கே என்று திட்டினார். பயிற்சி வகுப்புகளில் சின்ஹாவின் பேரை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இப்போது காகிதம் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனில் லிங்க் வருகிறது. எண்ணுக்குப் பதில் ஐந்து மஞ்சள் முகங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் கணக்கை எங்கள் செயலி காட்டுவதில்லை, அது நல்ல முன்னேற்றம். நெய்வேலிக்காரி இருந்தால் ஒப்புக்கொள்வாள். முடிவுகள் தலைமை அலுவலகத்தில் நாடுவாரியாகக் கலர் அடித்து வரும். ஜெர்மனி எப்போதும் மஞ்சள், இந்தியா எப்போதும் பச்சை. டவுன்ஹாலில் அதற்குக் கைதட்டல் உண்டு. பச்சையாக இருக்கிற இந்தியாவில்தான் மாதாமாதம் பேப்பர் போடுகிறார்கள், அதாவது ராஜினாமா செய்கிறார்கள் என்பதை யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் டீமில் ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் சிரித்த முகம் போட்ட அடுத்த வாரம் பேப்பர் போட்டான். கேட்டதற்கு, "போறப்போ எதுக்குண்ணா பொல்லாப்பு" என்றான்.

கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவித்த இரண்டு வருடம் மட்டும் படம் மாறியது. ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் பிங் பண்ணுகிறார், ஹைக் கண்ணில் படவில்லை என்று பிள்ளைகள் பத்தி பத்தியாக எழுதினார்கள். தலைமுறை மாறிவிட்டது, பயம் போய்விட்டது என்று எச்.ஆரில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஆள் எடுப்பது நின்றது, பெஞ்சில் இருந்தவர்களுக்குப் போன் வரத் தொடங்கியது, அதே பிள்ளைகள் சிரித்த முகத்துக்குத் திரும்பினார்கள். இரண்டு வருடத்தில் இந்தியப் பண்பாடு மாறி, மறுபடி பழையபடி ஆகிவிட்டதா என்ன? பக்கத்துக் கட்டடத்தில் வேலை கிடைக்குமா என்பதைத்தான் அந்த முகங்கள் அளந்தன. அந்த 77-இலும் இந்தக் கணக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உண்மையாக மாறியது ஒன்றுதான். அன்று மதிப்பெண் போட நாங்கள் பயந்தோம், இன்று அதை வாங்க மேனேஜர்கள் பயப்படுகிறார்கள். ஸ்கோர் அவர்கள் அப்ரைசலில் ஏறுகிறது. லிங்க் வருகிற வாரம் டீமுக்கு பிரியாணி வரும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்கப்பா" என்று நானே கெஞ்சியிருக்கிறேன்.

எங்கள் மாடியைச் சுத்தம் செய்யும் அக்கா தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறார். கான்ட்ராக்ட் ஆள், கம்பெனி மெயில் கிடையாது, அதனால் லிங்க் வருவதில்லை. ஆனால் டாய்லெட் வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு முகங்களோடு ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறார்கள். அது அவருக்கான மதிப்பெண். காலையில் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பச்சை முகத்தை அவரே நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.