விண்கலத்துக்குள் எழும் இரைச்சல்

பெங்களூரு தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே போனால் விமானபுரத்தில் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் வரும். அங்கு உருவாகும் விண்கலங்களில் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் கன்வெர்ட்டர்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கின்றன. அவை ஏன் மற்றக் கருவிகளைக் குழப்புகின்றன?

அப்படி ஒருமுறை இணைக்கும்போது மின்னழுத்தம் 42 வோல்ட் 20 நானோ நொடியில் எகிறுவதாக வைத்துக்கொள்வோம். சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டருக்கும் கலத்தின் உலோகச் சட்டத்துக்கும் இடையே 50 பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் இருந்தாலே, அக்கணத்தில் சுமார் 0.1 ஆம்பியர் சட்டத்துக்குள் கசியும். வரைபடத்தில் எவரும் வரையாத மின்தேக்கி அது! கசிந்த மின்னோட்டம் கம்பிக்கற்றைகள் வழியே திரும்பும்போது அவை ஆன்டெனாவாகிவிடுகின்றன. மங்கலான சிக்னலைத் தேடும் ரிசீவருக்கு அது பேரிரைச்சல்.

ஏவியபின் ஒரு ஃபில்டரைக்கூடச் சேர்க்க முடியாது. எனவே இந்த ஒளிந்த மின்தேக்கங்களையும் கம்பிகளின் மின்தூண்டலையும் அளந்து, கணினி மாதிரியில் சேர்த்து, இரைச்சலைப் பொறியாளர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள். என் பார்வையில், மாதிரியின் நம்பகத்தன்மை சமன்பாடுகளைவிட அந்த அளவீடுகளில்தான் இருக்கிறது.

விண்வெளியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானிக்கோ வேறொரு தொல்லை: சூரியப் பலகை, பேட்டரி மின்னோட்டங்களின் மெதுவாக மாறும் காந்தப்புலத்துக்கு ஃபில்டர் உதவாது. கலத்திலிருந்து விலகி நிற்பதே வழி. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலம் 2024 ஜனவரி 11 அன்று விரித்த 6 மீட்டர் கரத்தின் நுனியில் ஒரு காந்தமானி, 3 மீட்டரில் இன்னொன்று. தூரம் இரட்டித்தால் கலத்தின் காந்தப்புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும்; தொலைவிலிருந்து வரும் புலமோ இரண்டிலும் ஒன்றே. இரு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து கலத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள்.