ஐம்பது வயதில் ஆங்கிலப் பாட்டா? தாராளமாகப் பாடலாம்!

மகன் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆண்டு விருந்து. குடும்பத்தோடு வரச்சொல்லி அழைப்பு. சாப்பாடெல்லாம் முடிந்ததும் மேடையில் பெரிய திரையை இறக்குகிறார்கள். கராவோக்கே! சீனர் ஒருவர் பாடுகிறார். மலாய்க்காரப் பெண் ஒருத்தி பாடுகிறாள். பிறகு, “அங்கிள், ஒரு பாட்டு!” என்று ஒலிவாங்கி உங்கள் மேசைக்கு வருகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கை கழுவ எழுந்து போய்விடுகிறீர்கள். உங்கள் வீட்டம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்க்கிறார். உண்மையா, இல்லையா?

சுங்கை வே வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இது தெரிந்த காட்சிதான். 1970களில் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் வந்தபோது, பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அவர்களுக்கே இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாத்தாவும் பாட்டியும் நடுவில் உட்கார்ந்து சிரித்து வைக்கிறார்கள்.

“நமக்குத் தமிழ்ப் பாட்டு இல்லையா?” என்று கேட்பீர்கள். ஏன் இல்லை! ஆனால் இப்படிப்பட்ட விருந்துகளில் பல சமயம் கருவியில் தமிழ்ப் பாட்டே இருக்காது. இருந்தாலும் நம் மேசை மட்டும்தான் கைதட்டும். மண்டபமே சேர்ந்து பாட வேண்டுமானால், மூன்று இனத்தாரும் கேட்டு வளர்ந்த பழைய ஆங்கிலப் பாட்டுத்தான் கைகொடுக்கும். திரையில் சொல் வருகிறது, மெட்டு கையைப் பிடித்து நடத்துகிறது. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசத் தயங்குகிறவர்கூட மூன்று நிமிடம் தடங்கலில்லாமல் பாடிவிடலாம்.

இந்தக் கருவி பிறந்த கதையைக் கேட்டால் உங்கள் பயம் பாதி போய்விடும். ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில், பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசித்து வந்தவர் டைசுக்கே இனோவே. கம்பெனி முதலாளி ஒருவர் தம்முடன் வெளியூர் வந்து வாசிக்கும்படி அவரை அழைத்தார். இவருக்குப் போக முடியவில்லை. அந்த முதலாளியின் குரலுக்கு ஏற்ற சுருதியில், அவர் வேகத்துக்கு ஏற்றபடி வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார். அந்த யோசனையிலிருந்து 1971இல் அவர் செய்த பெட்டிதான் கராவோக்கேக்கு வழிகாட்டியது. காப்புரிமைகூட அவர் வாங்கி வைக்கவில்லை, பாவம்! கவனித்தீர்களா? பாடகனுக்காகச் செய்த பெட்டி அல்ல இது. பாடத் தெரியாத ஒரு முதலாளிக்குப் பாட்டை வளைத்துக் கொடுத்ததில் பிறந்தது.

ஆகவே, பாட்டை உங்களுக்கு ஏற்ப வளைக்கக் கூச்சப்படாதீர்கள். வயது ஏற ஏறப் பலருக்கு மேல்ஸ்தாயி சுருங்கும், மூச்சும் குறையும். பெண்களுக்குக் குரல் கொஞ்சம் தடித்து இறங்கும். இது குறை அல்ல, இயற்கை. கருவியில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான் இருக்கும். ஒரு தட்டுக்கு அரைக் கட்டை. பாட்டின் உச்சியான இடத்தை வீட்டில் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் இரண்டு தட்டு இறக்குங்கள். இன்னும் புடைத்தால் பாட்டையே மாற்றுங்கள்.

சரி, எந்தப் பாட்டு?

ஆண்களுக்கு என் முதல் ஓட்டு ஜான் டென்வர் 1971இல் பாடிய ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டுக்கு. நடைபோடும் தாளம். சரணம் தாழ்ந்த குரலில் போகும், பல்லவி வந்ததும் மண்டபமே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைப் பக்கத்துக்குத் திரும்ப ஏங்குகிற பாட்டு அது. லயத்து வீட்டை விட்டு வந்தவர்களுக்கு, திரும்பிப் போகத் தோட்டமே இல்லாமல் போனவர்களுக்கு, அந்த ஏக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாவிட்டாலும் குரலில் அது வந்துவிடும்.

பெண்களுக்கு, கார்ப்பென்டர்ஸ் குழுவின் ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’. 1973இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. துள்ளலான பாட்டு. ஆனால் கேரன் கார்ப்பென்டரின் குரல் தாழ்ந்த குரல். கீச்சென்று கத்த வேண்டிய இடமே இல்லை.

கூட்டமாகப் பாட, போனி எம் குழு 1978இல் புகழாக்கிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த சொற்கள். சொந்த மண்ணிலிருந்து அயல்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுத கதை. அதற்குப் போய் இப்படி ஓர் ஆட்டத் தாளமா என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான். ‘ஸ்வீட் கேரலைன்’ (1969) பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்காளம் ஒலிக்கும் இடத்தில் கூட்டமே வாயால் ஊதும். நீங்கள் அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இல் நம் மதராசில் பிறந்தவர், தெரியுமா? ஆனால் அவருடைய புகழ்பெற்ற பாட்டுகள் பலவும் தாலாட்டு வேகம். விருந்து முடிந்து தூக்கம் சொக்கும் நேரத்துக்கு அவை ஆகாது. ‘குவாண்டோ, குவாண்டோ, குவாண்டோ’ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘டான்சிங் குவீன்’ பாட்டைத் தனியாகத் தொடாதீர்கள். அப்பா குழுவின் இரண்டு பெண்கள் சேர்ந்து உயரத்தில் பாடியது அது. நீங்களும் அண்ணி, நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டு சுருதியை இறக்கிப் பாடுங்கள். ‘மை வே’ வேண்டவே வேண்டாம். மெதுவாகக் கிளம்பி முடிவில் மலை ஏறச் சொல்லும்.

பாட்டு முடிவானதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். இதில் வெட்கம் என்ன? இரண்டு வாரம், சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுத்தால் போதும். ஒலிவாங்கியை வாய்க்குள் திணிக்காமல் நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். பாடப்போகும் முன் வெந்நீர் குடியுங்கள். சுங்கை வேயில் பீர் ஆலையே இருக்கிறதே என்கிறீர்களா? அது பாடி முடித்தவர்களுக்கு!

இன்னமும் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1956இல் ஒரு ஹிட்ச்காக் படத்தில் டோரிஸ் டே பாடிய ‘கே செரா செரா’ பாட்டின் மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1957இல் வந்த ‘ஆரவல்லி’ படத்தில் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் பாடிய ‘சின்னப் பெண்ணான போதிலே’ அந்த மெட்டில் அமைந்ததுதானே! ஊஞ்சலாடும் தாளம், யாருக்கும் வாயில் வரும். மகளை ஆங்கிலத்தில் ஒரு சரணம் பாடச் சொல்லுங்கள். அடுத்ததை நீங்கள் தமிழில் எடுங்கள். சொல் சரியாக உட்கார வீட்டில் நாலைந்து தடவை ஒத்திகை வேண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.