இரவல் குரலும் சொந்தக் குரலும்

நமது தனியார் வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் இளம் அறிவிப்பாளர்களிற் சிலர் சென்னைத் தமிழிலே பேசுவது நேயர்கள் அறிந்ததே. வீட்டில் 'கதைக்கிறேன்' என்பவர் ஒலிவாங்கியின் முன்னால் 'பேசறேன்' என்கிறார். அதுதான் எடுபடுகிறது என்பது அவரது விளக்கம். இது புதியதன்று. 1950களில் நம் எழுத்தாளர்களிற் பலரும் இதே நியாயத்தையே கொண்டிருந்தனர்.

அக்காலத்தில் ஆனந்த விகடன், கல்கி போன்ற தமிழகச் சஞ்சிகைகளே இங்கு விரும்பி வாசிக்கப்பட்டன. ஆதலால் இங்கிருந்து எழுதியோர் சிலர், தாம் கண்டறியாத மெரீனாக் கடற்கரையில் தமது பாத்திரங்களை உலாவவிட்டனர். வாசகர் விரும்புவதைக் கொடுக்கிறோம் என்பது அவர்களது திருப்தி.

1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் இப்போக்கை எதிர்த்தனர். 1959இல் தினகரன் ஆசிரியரான க. கைலாசபதி ஈழத்துப் படைப்புகளுக்குப் பத்திரிகையில் தாராளமாக இடமளித்தார். சுபைர் இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அதிலே தொடராக வெளிவந்தது. உழைப்பாளரின் பேச்சுவழக்கு கதைகளில் ஏறியபோது, அதனை 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் சாடினர். ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் பண்டிதர்கள். தன் ஊரின் சொல்லை எழுதத் துணிந்தவன் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மண்வாசனை என்ற பெயரில் கொச்சைச் சொற்களை அடுக்கியதோடு நின்றுவிட்டவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. அதுவும் ஒருவகை மோகமே.

டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில், தமது குடும்பத்தின் முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே அதனை நடத்தினார். சினிமா நட்சத்திரங்களின் படம் சஞ்சிகையை விற்கும் என்பதை அறியாதவரல்லர் அவர். எனினும் மல்லிகையின் அட்டையை அலங்கரித்தவர்கள் இந்நாட்டின் எழுத்தாளர்களும் கலைஞர்களுமே. பிரதிகளைப் பையிலே சுமந்து தாமே விற்றார்.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையே ஈழத்து எழுத்தை வளர்த்தது என்று கூறுவோர் உண்டு. அது பாதி உண்மையே. கட்டுப்பாடு சந்தையைத் திறந்துவிட்டது உண்மை. வீரகேசரி நிறுவனம் 1972 முதல் நூல்களை வெளியிட்டது. வன்னிக் கிராமத்தின் வாழ்வைச் சொன்ன அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. ஆனால் எழுதுவோரின் மனம் அதற்கு முன்னரே ஊர் திரும்பியிருந்தது. கதவை அடைப்பதால் மட்டும் ஒருவனுக்குச் சொந்தக் குரல் வந்துவிடுமாயின், கதவு திறந்ததும் அது போய்விடவும் வேண்டுமல்லவா?

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. தமிழகச் சஞ்சிகைகள் மீண்டும் கடைகளை நிறைத்தன. போட்டியில்லாத காலத்தை மட்டும் நம்பியிருந்தவை தளர்ந்தன. மல்லிகையோ போரையும் இடப்பெயர்வையும் தாங்கி, பின்னர் கொழும்பிலிருந்து 2012 வரை வெளிவந்தது. ஜீவா 2021 ஜனவரியில் காலமானார்.

எடுபடுவதையே செய்கிறோம் என்னும் அறிவிப்பாளரைக் குறைகூறுமுன், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் கேட்பது எந்தக் குரலை என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும். ஜீவாவுக்கு முதலாளி இருக்கவில்லை. மல்லிகை இதழ்கள் பலவற்றை இன்று 'நூலகம்' இணையத்தளத்தில் எவரும் வாசிக்கலாம். மெரீனாவில் உலாவிய அந்தக் கதாபாத்திரங்களின் பெயர்கள் இந்தப் பத்தியை எழுதுபவருக்கே நினைவில் இல்லை.