மேய்க்காலும் வேலியும்

உழவுக்கும் மனைக்கும் உட்படாமல், கால்நடை மேய்வதற்கென்றே ஊர்ப்பொதுவாய் விடப்பட்ட நிலம் மேய்க்கால் ஆகும். அதனைச் சூழ்ந்து எழுந்த சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களுக்கு விடை கூறுகின்றன: விலங்கைத் தடுத்து நிறுத்தும் கடமை யாருடையது, எத்தனை விலங்குக்கு எவ்வளவு நிலம் வேண்டும்.

முதல் வினாவுக்கு உலகில் இருவகை நெறிகள் வழங்குகின்றன. மாட்டுக்கு உரியவரே அதனைத் தம் எல்லைக்குள் நிறுத்தவேண்டும் என்பது உள்ளடைப்பு நெறி. பயிருக்கு உரியவரே வேலியிட்டு விளைச்சலைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது புறத்தடுப்பு நெறி. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா போன்ற மேலை மாநிலங்கள் பின்னதைத் தழுவின. இந்தியா தழுவியது முன்னதை. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டை நிலத்துக்காரர் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பலாம்; ஒறுப்புத்தொகையும் தீனிச்செலவும் கட்டியே உரியவர் அதனை மீட்கவேண்டும்.

இரண்டாம் வினாவுக்குக் கர்நாடகம் எண்ணாலேயே விடை கூறியது. 1964-ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டத்தைத் தொடர்ந்து 1966-இல் வந்த நெறிமுறைகளுள் 97-ஆவது, 100 மாட்டுக்கு 12 எக்டேர், அதாவது ஏறத்தாழ 30 ஏக்கர், கட்டணமின்றி மேய ஒதுக்கவேண்டும் என்கிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டதே கன்னட ஊர்களின் கோமாளம். நிலத்தையும் உயிரையும் ஓர் அளவையால் பிணைத்த இந்நெறி போற்றத்தக்கது. ஆயினும் அதன் குறையும் அவ்வெண்ணிலேயே உள்ளது. மாடு குறையுந்தோறும் மேய்க்காலின் தேவையும் ஏட்டில் குறைகிறது. மிகை எனப்பட்ட நிலம் வேறு பயனுக்குத் திரும்புகிறது. எடுத்துக்காட்டாக, பெங்களூருவின் வைட்ஃபீல்ட் 1882-இல் மைசூரு மன்னர் பத்தாம் சாமராச உடையார் ஆங்கிலோ-இந்தியக் குடிகள் உழுது வாழ 3,900 ஏக்கர் வழங்கியதால் எழுந்த ஊர். அங்கே இன்று மென்பொருள் வளாகங்கள் நிற்கின்றன, மாடுகள் அருகிவிட்டன, ஆகவே எண்ணின் கணக்குப்படி புல்லுக்கும் இடமில்லை. இக்கணக்கை நான் ஏற்கவில்லை. மேய்க்கால் மாட்டுக்கு மட்டும் உரியதன்று. பெய்யும் மழையை மண்ணுக்குள் இறக்கும் பணியும் அதனுடையது.

புல்லின் அமைப்பை உற்றுநோக்கினால் வேலியின் தேவை விளங்கும். மரஞ்செடிகள் நுனியில் வளர, புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டிய அடித்தூரில் ஒடுங்கியிருக்கிறது. ஆதலால் மேற்பகுதியை மாடு கடித்துச் சென்றாலும் இலை அடியிலிருந்து மீண்டும் நீள்கிறது. அந்த மீட்சிக்கு அடித்தூரிலும் வேரிலும் சேர்ந்த மாவுப்பொருள் செலவாகிறது. அது நிரம்புமுன் இரண்டாம் கடி விழுந்தால் வேர் குறுகும், தூர் மெலியும், களை நுழையும். எனவே மேய்நில ஆளுகை என்பது ஓய்வை ஆளுவதே. நிலத்தைப் பாத்திகளாய்ப் பிரித்து, ஒன்று மேயப்படும்போது ஏனையவற்றை ஆறவிடும் முறையைச் சுழல்மேய்ச்சல் எனலாம்.

பாத்திகளைப் பிரிக்க வேலி வேண்டும்; அத்தகைய வேலிக்கு நம்மிடமே சான்று உண்டு. தமிழ்நாட்டின் காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் மேய்நிலங்களில் கொழுக்கட்டைப்புல் தரையை மூட, வெள்வேல மரம் நிழலும் காயும் தர, முள்கிளுவை உயிர்வேலியாய்ச் சூழ்ந்து நிற்கிறது. கிளுவைப் போத்துகளை நெருங்க ஊன்றினால் அவை வேர்பிடித்து, முள்ளோடு முள் பின்னி, மாடு புகா அரணாகின்றன. கம்பிவேலி துருவேறும்; இவ்வேலி ஆண்டுதோறும் தடிக்கும். வறண்ட மண்ணில் காங்கயம் மாடு தழைத்ததற்கு இவ்வொழுங்கும் துணை நின்றது.

2011 சனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஊர்ப்பொது நிலங்களை வளைத்தோரை வெளியேற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. தீர்ப்பு வலியது, ஆனால் எந்நிலம் பொதுநிலம் என்பதை ஊரார் அறியாவிடில் அது ஏட்டிலேயே தங்கும். வைட்ஃபீல்டைச் சூழ்ந்து வாழும் தமிழர்களே, கர்நாடகத்தின் நிலப்பதிவுகள் இணையத்தில் திறந்தே உள்ளன. உங்கள் பகுதியின் அளவை எண்களுள் கோமாளம் எனப் பதிவானவை எவை என்று பாருங்கள். எஞ்சியிருப்பதற்கு உயிர்வேலி இடுமாறு வட்டாட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள்.