நுங்கம்பாக்கத்தில் கணித்த கோள்

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் இருக்கக்கூடும் என்று அளவீடுகளைக் காட்டி முதலில் வாதிட்டவர்களில் ஒருவர், நம் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத் தலைவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். ஆண்டு 1855.

70 ஒஃபியூக்கி ஓர் இரட்டை விண்மீன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரச் சுமார் 88 ஆண்டுகள் பிடிக்கும். ஒன்றிலிருந்து மற்றது எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறது என்று தொலைநோக்கியில் அளந்து அளந்து குறிப்பார்கள். கணக்கு சொன்ன இடத்தில் அது நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இழுப்பதே காரணமாக இருக்கலாம் என்றார் ஜேக்கப்.

யுரேனஸின் பாதை பிசகியதை வைத்துத்தான் 1846-ல் நெப்டியூனைப் பிடித்திருந்தார்கள். எனவே யோசனையில் குறையில்லை. அன்றைய அளவீடுகளுக்குத்தான் அந்த நுட்பம் போதவில்லை. பின்னாளில் தாமஸ் சீ என்ற வானியலர் அதே கருத்தைப் புதுப்பித்தபோது, அப்படியொரு கோள் அங்கே நிலைத்துச் சுற்ற முடியாது என்று 1899-ல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஜேக்கப் பணியாற்றிய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னைப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கோளை நேரடியாகப் பார்ப்பது கடினம். விண்மீனின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். ஆனால் கோளின் இழுப்பில் விண்மீனும் சற்றே அசையும். அதனால் 1995-ல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓத் ப்ரொவான்ஸ் ஆய்வகத்தில் விண்மீனின் வேகத்தை அளந்தார்கள். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து திரும்பும். 51 பெகாசி என்ற அந்த விண்மீன் நம்மை நெருங்குவதும் விலகுவதும் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில். ஒரு விரைவு ரயிலின் ஓட்டம்தான். கோளின் சுற்றுக் காலமோ நான்கே கால் நாள்! வியாழன் போன்ற பெரிய கோளுக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று எதிர்பார்த்திருந்த துறையே திகைத்தது. 2019-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இன்று பட்டியலில் இத்தகைய கோள்கள் ஆறாயிரத்துக்கும் மேல். ஆனால் சூரியனைப் போன்ற விண்மீனைப் பூமி போன்ற கோள் ஆண்டுக்கொரு முறை சுற்றினால், அந்த விண்மீன் அசைவது வினாடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். விண்மீனின் கொதிக்கும் மேற்பரப்பு அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறி இறங்குகிறது. இந்த இரைச்சலுக்குள்ளிருந்து அந்த 9 சென்டிமீட்டரைப் பிரித்தெடுப்பதுதான் இன்றைய போராட்டம்.

ஜேக்கப்பின் வழியும் வீணாகவில்லை. ஐரோப்பாவின் கையா விண்கலம் விண்மீன்களின் இடத்தையே மிக நுட்பமாக அளந்தது. அப்படி ஒரு விண்மீனின் இடத்தில் தெரிந்த தடுமாற்றத்தால் தென்பட்ட கையா-4பி என்ற கனத்த கோளைத் தரையிலிருந்து வேகத்தை அளந்து 2025-ல் உறுதிசெய்தார்கள்.